புழுவைக் கொன்னுட்டு பட்டாம்பூச்சியைத் தேடலாமா?

(கூட்டமைப்பின் பொதுக்கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர் பேசியது. அவர் பேசியபடியே பெரும்பாலும் தந்திருக்கிறோம்.)



வீட்டுத் தோட்டத்தில் பட்டாம்பூச்சி வளர்ப்பதைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். நீங்கள் மனசுக்குள்ளே என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். குடிதண்ணிக்கே குடத்தை வரிசையில போட்டுட்டு உக்காந்திருக்கோம், இவ பூச்சிக்குத் தோட்டம் போடச் சொல்றாளே என்றுதானே? இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் யாராவது வந்து சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். அதனால் முதலில் என் கடன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குழுவில் நாற்று விட்டு விற்பதற்காக உள்கடன் 10,000 ரூபாய் வாங்கினேன். கறிவேப்பிலையும் எலுமிச்சையுமாக 500 பை போட்டேன். செம்மண், மணல், சாணி உரம், பை, விதை எல்லாவற்றுக்கும் அந்தப் பணம் போய்விட்டது. நாற்று ஒரு சாண் உயரம் வந்தது. தினமும் காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் அதைத்தான் போய்ப் பார்ப்பேன்.

ஒருநாள் பார்க்கிறேன், இலை மேலே குருவி எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. குருவி எச்சம்தான் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அந்த எச்சமெல்லாம் பச்சைப் பசேலென்று சுண்டுவிரல் மாதிரி புழுவாக நிற்கிறது! பாதி பையில் காம்புதான் மிச்சம். தொட்டால் தலைக்குப் பின்னால் கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி, ஒரு வாடை வேறு விடுகிறது. எனக்கு வயிறு எரிந்துபோனது.

டவுனுக்குப் போய் மருந்துக்கடையில் கேட்டேன். என்ன பூச்சி, என்ன செடி என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பாட்டிலைக் கொடுத்து, டேங்குக்கு ரெண்டு மூடி ஊத்துங்க, சுருண்டு விழுந்துரும் என்றார்கள். கையுறை இல்லை, மூக்கில் துணி கட்டவில்லை, வெறுங்காலோடு நின்று அடித்தேன். சொன்ன மாதிரியே சுருண்டு விழுந்தது. சாயந்தரம் என் கோழி குஞ்சுகளோடு வந்து விழுந்த புழுவைக் கொத்தித் தின்றது. மறுநாள் காலையில் ஒன்பது குஞ்சில் ஏழு செத்துக் கிடந்தது. ராத்திரி முழுக்க எனக்கும் தலைவலி, வாந்தி. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

சரி, நாற்றாவது பிழைத்ததா? பத்து நாளில் மறுபடியும் குருவி எச்சம்! இதற்கு நடுவில் நாற்று வாங்க வந்த ஒரு மதினி இலையைக் கிள்ளி மோந்து பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு ரசத்துல போடுற எலைக்கு இம்புட்டு மருந்தா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்த மாதம் தவணை கட்ட முடியவில்லை. அடுத்த மாதமும் முடியவில்லை. மூணாவது மாதம் நான் கூட்டத்துக்கே போகவில்லை.

இப்போதுதான் என் சின்ன மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அப்போது ஏழாம் வகுப்பு. நான் மருந்து அடிப்பதற்கு முன்னாடியே இரண்டு புழுவைப் பிடித்து, ஒரு டப்பாவில் போட்டு, வாயை வேட்டித்துணியால் கட்டி, பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலையைப் பறித்துப் போட்டு வளர்த்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. புழு ஒருநாள் தின்பதை நிறுத்திவிட்டு, குச்சியில் சாய்ந்து, இடுப்பில் நூல் கட்டிக்கொண்டு கூடாகிவிட்டது. ஒன்பது நாள் போனது. பத்தாம் நாள் விடிகாலை, "யம்மா, இங்க வாயேன்" என்று கத்தினாள்.

போய்ப் பார்த்தால், கூடு வெடித்து ஒன்று தொங்குகிறது. றெக்கை நனைந்த சேலை மாதிரி மடங்கிக் கிடக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெள்ள மெள்ள விரிகிறது. கறுப்பில் இளமஞ்சள் புள்ளி, கீழ் றெக்கையில் ஒரு சிவப்புப் பொட்டு. எலுமிச்சை அழகி என்று அதற்குப் பெயராம். ஒரு மணி நேரம் காய்ந்துவிட்டு பறந்துபோய்விட்டது. "நீ மருந்தடிச்சது இதைத்தாம்மா" என்றாள் என் மகள். நான் பதில் சொல்லவில்லை. அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

இன்னொரு கூட்டில் இருந்து பட்டாம்பூச்சி வரவில்லை. கடுகு மாதிரி சின்னச் சின்னக் குளவிகள் கொசகொசவென்று வந்தன. அந்தக் குளவி கூட்டுக்குள்ளே முட்டை வைத்துவிடுமாம். நான் ரெண்டு மூடி ஊற்றிச் செய்ததை ஒரு குளவி சும்மாவே செய்திருக்கிறது. மருந்தடித்தால் முதலில் சாவது இந்த மாதிரிக் குளவியும், சிலந்தியும்தான் என்று பின்னாடி வேளாண்மை அலுவலர் ஒருவர் விளக்கிச் சொன்னார். அதனால்தான் மருந்தடித்த பிறகு புழு இன்னும் கூடுகிறது.

கூட்டத்துக்கு வராத என்னைத் தேடி எங்கள் ஊக்குநர் அக்கா வீட்டுக்கே வந்தார்கள். கடன் நோட்டைக் கையில் வைத்திருந்தார்கள். நான் அழுதேன். அக்கா திட்டவில்லை. நாற்றைப் பார்த்தார்கள். பின்னாடி கிணற்றடியில் நிற்கிற பழைய நார்த்தை மரத்தைப் பார்த்தார்கள். "ஏத்தா, இது எலுமிச்சைக்குச் சொந்தக்கார மரம்தானே? புழுவைப் புடிச்சு இதுல விட்டா என்ன? நாத்துக்குக் கொசுவலை கட்டு" என்றார்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

பழைய கொசுவலை இரண்டைத் தைத்து, மூங்கில் வளைத்து நாற்றுக்கு மேலே கூடாரம் போட்டேன். வலை இலையில் உரசக்கூடாது. உரசினால் வெளியில் இருந்தே முட்டை வைத்துவிடும். தப்பி வந்த புழுவை இலையோடு கிள்ளி நார்த்தை மரத்தில் கொண்டுபோய் விட்டேன். பெரிய மரத்துக்கு இருபது முப்பது புழு ஒரு பொருட்டே இல்லை, மறுபடி துளிர்த்துக்கொள்கிறது. 500 பையில் 310 பை பிழைத்தது. விற்றுக் கடனைக் கட்டிவருகிறேன். இன்னும் 1,500 ரூபாய் பாக்கி இருக்கிறது. ஊக்குநர் அக்கா இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், மறைத்துப் பேச முடியாது.

இப்போது தோட்டத்துக்கு வருகிறேன்.

நம்மில் பல பேர் பூச்செடி வைத்தால் பட்டாம்பூச்சி வரும் என்று நினைக்கிறோம். வரும், தேனைக் குடித்துவிட்டுப் போய்விடும். அது நம் வீட்டில் தங்கிப் பெருக வேண்டும் என்றால் பிள்ளைக்குச் சாப்பாடு வேண்டும். பிள்ளை என்றால் புழு. தாய்க்குப் பூ, பிள்ளைக்கு இலை. ஒவ்வொரு வகைப் புழுவும் குறிப்பிட்ட சில இலைகளைத்தான் தின்னும். வேறு இலையில் விட்டால் பட்டினி கிடந்து சாகுமே தவிர வாய் வைக்காது. தாய்ப்பூச்சி இலை மேலே உட்கார்ந்து காலாலே ருசி பார்த்து, இதுதான் என் பிள்ளைக்கு ஆன இலை என்று தெரிந்துகொண்டுதான் முட்டை வைக்கும். அதனால் பட்டாம்பூச்சி வந்தால் தோட்டம் முழுக்கத் தின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். கத்தரி, வெண்டையில் துளைக்கிற புழு பட்டாம்பூச்சிப் பிள்ளை இல்லை, அது அந்துப்பூச்சி. முருங்கையில் கூட்டமாக வந்து உடம்பெல்லாம் அரிக்க வைக்கும் கம்பளிப்புழுவும் அந்துப்பூச்சிதான். பட்டாம்பூச்சியிலும் ஒன்றிரண்டு நமக்கு நஷ்டம் செய்யும், அதையும் சொல்ல வேண்டும். மாதுளம்பழத்தைத் துளைப்பது ஒரு பட்டாம்பூச்சியின் புழுதான். மாதுளை வைத்திருப்பவர்கள் பிஞ்சிலேயே துணிப்பை கட்டிவிடுங்கள்.

இலைச் செடிக்கு நர்சரிக்குப் போக வேண்டாம். பாதி நம் வேலி ஓரத்தில் நிற்கிறது. எருக்கு இருக்கிறதே, அதில்தான் வெந்தய வரியன் வளரும். ஆரஞ்சு றெக்கை, கறுப்பு ஓரம், அதில் வெள்ளைப் புள்ளி. நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எருக்கம்பாலின் விஷம் அந்தப் புழுவுக்குச் சேர்ந்துவிடுவதால் குருவி அதைத் தொடாது. பருப்புக்கீரையில் வளர்கிற இன்னொரு பட்டாம்பூச்சி இருக்கிறது. அதில் பெண் பூச்சி மட்டும் அச்சு அசல் வெந்தய வரியன் மாதிரியே வேஷம் போட்டுக்கொள்ளும். விஷம் கிடையாது, வேஷம்தான். குருவி ஏமாந்துவிடும். பொம்பளைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அதற்கும் தெரிந்திருக்கிறது பாருங்கள்!

ஆவாரையிலும் சரக்கொன்றையிலும் வெள்ளையும் இளமஞ்சளுமான பட்டாம்பூச்சிகள் வளரும். ஆமணக்குக்கு ஒன்று, இலந்தைக்கு ஒன்று, மாமரத்துக்கு ஒன்று. ஆடுதீண்டாப்பாளையில் வளர்வதுதான் எல்லாவற்றிலும் அழகு, கறுப்பு றெக்கையும் சிவப்பு உடம்புமாக இருக்கும். டிசம்பர் பூச்செடி வைத்திருந்தால் அதிலும் முட்டை வைக்கும். கிலுகிலுப்பைச் செடியை மட்டும் காய்ந்தாலும் பிடுங்காதீர்கள். காய்ந்த கிலுகிலுப்பையில் வரியன் பூச்சிகள் கொத்துக்கொத்தாக வந்து ஒட்டும். அதில் இருக்கிற ஒரு சத்து ஆண் பூச்சிக்குப் பெண்ணை அழைக்கத் தேவைப்படுகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் நீலப்புள்ளி வரியன்கள் கூட்டமாக மேற்கு மலைப் பக்கம் போகும். போகிற வழியில் நம் செடியில் தங்கிவிட்டுப் போகும்.

தேனுக்கு இட்லிப்பூ, தும்பை, துளசி, நித்தியகல்யாணி, செண்டுமல்லி, மயில்கொன்றை போதும். வெட்டுக்காயத்துக்குக் கசக்கிப் போடுவோமே, கிணற்றடிப்பூண்டு, அது வருஷம் முழுக்கப் பூக்கும். ஒரு மூலையில் அப்படியே விட்டுவிடுங்கள். உண்ணிச்செடியில் பட்டாம்பூச்சி நிறைய வரும், உண்மைதான். ஆனால் அது வெளிநாட்டில் இருந்து அழகுக்குக் கொண்டுவந்து, இப்போது காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் அடைத்துக்கொண்ட செடி. ஆடு மாடு தின்றால் அதுகளுக்கு ஆகாது. அதை நட வேண்டாம் என்பது என் கருத்து.

போன வருஷம் எங்கள் ஊருணிக் கரையைச் சுத்தம் செய்தோம். நானும்தான் போனேன். எருக்கு, ஆவாரை, ஆமணக்கு எல்லாவற்றையும் வேரோடு வெட்டி, கரை தலை மழித்த மாதிரி ஆனது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவுக்கு இரண்டு மைல் நடந்தோம். அந்த வருஷம் கரையில் வெந்தய வரியன் ஒன்றுகூடப் பார்க்கவில்லை. இந்த வருஷம் ஊராட்சியில் பேசி, கரையின் தெற்குக் கோடியை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறோம். குப்பையாகக் கிடக்கிறது என்று இரண்டு மூன்று பேர் முகம் சுளிக்கிறார்கள். கிராம சபையில் மறுபடி பேச்சு வரும். நம்மவர்கள் வந்து நிற்க வேண்டும்.

சரி, வெயிலுக்கு என்ன செய்வது? நம்ம ஊர் சித்திரை வைகாசி வெயிலில் மனுசரே நிற்க முடியவில்லை. பட்டாம்பூச்சிக்குக் காலை வெயில் வேண்டும். றெக்கையை விரித்துச் சூடேற்றிக்கொண்டால்தான் பறக்கும். உச்சி வெயிலில் இலைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். அதனால் தோட்டத்தின் கிழக்குப் பக்கம் திறந்திருக்கட்டும். மேற்கில் பூவரசு, அகத்தி, நொச்சி என்று ஏதாவது நிழல் வையுங்கள். அதுவே ஆடிக் காற்றையும் தடுக்கும். காற்று அடிக்கிற இடத்தில் பட்டாம்பூச்சி பூவில் உட்கார முடியாது.

செடியைச் சித்திரையில் நடாதீர்கள். நட்டுவிட்டு குடம் குடமாகத் தண்ணீர் சுமக்கிற வேலை நமக்கு வேண்டாம். ஆவணி, புரட்டாசியில் குழி எடுத்து வைத்து நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை வேர் பிடிக்க வைத்துவிடும். அடுத்த கோடைக்கு அது தாக்குப்பிடிக்கும். முதல் கோடையில் மட்டும் பானை வைத்துக் காப்பாற்ற வேண்டும். ஓட்டை விழுந்த பழைய மண்பானையைச் செடிக்குப் பக்கத்தில் கழுத்து வரை புதைத்து, ஓட்டையில் துணித்திரி போட்டு, தண்ணீர் ஊற்றி மூடிவிடுங்கள். திரி வழியாக வேருக்குக் கசியும். எங்கள் வீட்டில் ஒரு பானை தண்ணீர் மூன்று நாள் வருகிறது. பாத்திரம் அலசுகிற இரண்டாவது தண்ணீரை நான் செடிக்குத்தான் ஊற்றுகிறேன். சோப்புத்தூள் கலந்த முதல் தண்ணீரை ஊற்ற வேண்டாம். செடியடியில் காய்ந்த இலை, தென்னை மட்டைத் தும்பு போட்டு மூடாக்குப் போட்டால் மண் சூடேறாது.

அங்கே ஒரு அக்கா, பாம்பு வராதா என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. மூடாக்கை முழங்கால் உயரம் குவித்தால் பாம்பு என்ன, எல்லாமே வரும். நாலு விரல் உயரம் போதும். வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டு முழம் வெறும் தரையாக விடுங்கள். எலி இருந்தால் பாம்பு வரும், அதனால் மிஞ்சிய சோற்றை அங்கே கொட்டாதீர்கள்.

அகலமான மண்தட்டில் மணலும் தோட்டத்து மண்ணும் போட்டு, ஒரு சிட்டிகை உப்பு தூவி, ஈரமாக வையுங்கள். தண்ணீர் நிற்கக் கூடாது, கொசு வரும். ஈரம் மட்டும் போதும். ஆண் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து அந்த உப்பை உறிஞ்சும். கனிந்துபோன வாழைப்பழம், கொய்யாப்பழத்தைத் தூக்கி எறியாமல் ஒரு தட்டில் வைத்தால் பூவுக்கே வராத சில வகைகள் பழத்துக்கு வரும். எறும்பு ஏறாமல் தட்டுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

கவாத்து பண்ணும்போது ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டாதீர்கள். இந்த மாதம் பாதி, அடுத்த மாதம் பாதி. வெட்டுகிறதுக்கு முன்னாடி இலையைத் திருப்பிப் பாருங்கள். கடுகளவு முட்டை, கூடு இருந்தால் அந்தக் கிளையை விட்டுவிடுங்கள். எருக்கில் மஞ்சள் அசுவினி வந்தால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் போதும். வேப்பெண்ணெய்தானே என்று அடித்துவிடாதீர்கள், அதுவும் புழுவுக்கு ஆகாது. காய்கறிக்கு வேப்பெண்ணெய் அடிப்பவர்கள் காற்று பார்த்து, பட்டாம்பூச்சிச் செடி பக்கம் போகாமல் அடிக்க வேண்டும்.

எங்கள் குழுவில் இப்போது பால்வாடிக்குப் பின்னால் மூன்று செண்டில் ஒரு தோட்டம் போட்டிருக்கிறோம். அதில் எருக்கும் அரளியும் ஆடுதீண்டாப்பாளையும் வைக்கவில்லை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணுக்கே ஆபத்து. அரளி விஷம், அது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் கறிவேப்பிலை, எலுமிச்சை, ஆவாரை, இட்லிப்பூ, துளசி என்று வையுங்கள். விஷச் செடியெல்லாம் ஊருணிக் கரையில் நிற்கட்டும்.

பட்டாம்பூச்சி வந்தால் மகசூல் ரெட்டிப்பாகும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காய் பிடிக்க வைக்கிற பெரிய வேலைக்காரி தேனீதான், பட்டாம்பூச்சி கொஞ்சம் கூடமாட உதவும். ஆனால் மருந்தை நிறுத்தியபிறகு என் வீட்டுப் பூசணிக்கும் பாகலுக்கும் காலையில் தேனீ இரைச்சல் கேட்கிறது. தையல்சிட்டு கிணற்றடியில் கூடு கட்டி, என் நார்த்தை மரத்துப் புழுவில் பாதியைத் தன் குஞ்சுக்குக் கொண்டுபோகிறது. என் மகளுக்கு அதில் கோபம். நான் விட்டுவிடு என்று சொல்லிவிட்டேன். கோழிக்குஞ்சும் இப்போது புழுவைத் தின்கிறது, ஒன்றும் ஆகவில்லை.

தமிழ்நாட்டுக்கு என்று ஒரு பட்டாம்பூச்சி இருக்கிறது. தமிழ் மறவன் என்று பெயர், 2019-ல் அரசு மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. அது மேற்கு மலைக் காட்டில் இருப்பது, நம் தோட்டத்துக்கு வராது. ஸ்ரீரங்கம் பக்கம் மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், 2015-ல் வனத்துறை சுமார் 25 ஏக்கரில் பட்டாம்பூச்சிப் பூங்கா திறந்தது. நம்மைப் போல வெயில் காய்கிற ஊரில்தான் அதை அமைத்திருக்கிறார்கள். குழுக்கள் சேர்ந்து ஒரு வண்டி பிடித்தால் பிள்ளைகளோடு பார்த்துவிட்டு வரலாம். எந்தச் செடியில் எந்தப் புழு என்று நேரில் பார்த்தால் நான் ஒரு மணி நேரம் பேசுவதைவிட நன்றாகப் புரியும்.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவி அக்கா கையைக் காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று. பால்வாடித் தோட்டத்தில் இன்னும் பாதி இடம் காலியாக இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் ஊரில் நிற்கிற ஆவாரை, சரக்கொன்றை நெற்று இருந்தால் முந்தானையில் முடிந்துகொண்டு வாருங்கள். டிசம்பர் பூ, இட்லிப்பூ தண்டை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தால் போதும். பதிலுக்கு ஆளுக்கு ஒரு கறிவேப்பிலை நாற்று தருகிறேன். இலையில் குருவி எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் தட்டிவிடாமல் எடுத்துக்கொண்டு போங்கள்.